மரத்துக்கு ஒரு படி

கார்பனைல் சல்ஃபைடு என்ற வாயுவை இலைகள் உறிஞ்சிக்கொள்ளும், திருப்பித் தராது. அதனால் வெயில் ஏற ஏற எங்கள் கருவியில் அதன் கோடு இறங்கும். ஆய்வகத்துக்கு எதிரே நின்ற பதினெட்டு மரங்களையும் வெட்டி, கார் நிறுத்த சிமென்ட் போட்டு மூன்று வருஷமாகிறது. கோடு இன்னும் தினமும் இறங்குகிறது.

"மூணு தடவை பிரிச்சுப் பாத்துட்டேங்க்கா. கருவி நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

"எழுதி வச்சுத் தொலைக்காத. ஆய்வகத்தையே இழுத்து மூடிருவாங்க," என்றார் மூத்தவரான அக்கா.

இன்று பத்து மணிக்குக் கோடு ஒரு படி ஏறி நின்றது. சற்று நேரத்தில் இன்னொரு படி. மரங்களை வெட்டிய அன்றும் இப்படித்தான், மரத்துக்கு ஒரு படியாக ஏறியது. எட்டிப் பார்த்தோம். வெறும் சிமென்ட், வெயில், இரண்டு கார்கள்.

மதியம் வரை கோடு படிப்படியாக ஏறிக்கொண்டே இருந்தது. "பதினேழு," என்றார் அக்கா. "இன்னும் ஒண்ணுதான்."

அன்றைக்கும் இதே ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டுதான் இருந்தோம்.