செவெரினின் சுருதி

“இவன் என்னைக்குத்தான் ஒழுங்கான இடத்துல ஆரம்பிச்சிருக்கான்?”

உல்யானா ஹெட்போனைக் கழற்றி மடியில் போட்டாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான் லெவ்கோ. காலையிலிருந்து இதை ஒன்பதாவது முறையாகக் கேட்கிறான்.

லிவீவ் நகரத்தில், டிராம் ஓடும் தெருவுக்குக் கீழே, நிலவறையில் இருந்தது அந்த ஒலிப்பதிவுக் கூடம். டிராம் போகும்போதெல்லாம் சுவர் உறுமும், பதிவை நிறுத்த வேண்டும். டிராம் ஓடாவிட்டால் கரண்ட் இல்லை என்று அர்த்தம், அப்போதும் பதிவு கிடையாது. இன்று நாலு மணிக்குக் கரண்ட் போகும் என்று அறிவித்திருந்தார்கள்.

எட்டுப் பாட்டு முடிந்துவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி. போலீசியாக் காட்டுப்பக்கத்துப் பெண்கள் மேட்டில் ஏறி நின்று வசந்தத்தைக் கூப்பிடும் பாட்டு. அதற்கு லெவ்கோ கம்ப்யூட்டரில் தாளம் சேர்த்திருந்தான். உல்யானாவின் தம்பி செவெரின் பாட, அவள் பந்தூரா என்ற கம்பி வாத்தியத்தை வாசிக்க வேண்டும்.

முதலில் செவெரின் மட்டும் பாடுவான். ஆறாவது நொடியில் பந்தூரா சேர வேண்டும். வம்பே அங்கேதான்.

அவன் சுருதி கீழே இருந்தது. அரைக் கட்டை இறங்கியிருந்தால் பரவாயில்லை, சமாளிக்கலாம். இவன் அதிலும் பாதி இறங்கி, எந்தக் கட்டையிலும் சேராத ஓர் இடத்தில் சுகமாக உட்கார்ந்திருந்தான். மூன்றாவது வரியில் பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி ஓடினான். நாலாவது வரியில் எங்கிருந்தோ ஒரு நாய் வேறு குரைத்தது.

பள்ளிக்கூடத்துக் கூட்டுப்பாட்டில் ஆசிரியை அவனிடம், “கண்ணு, நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்” என்று கெஞ்சினார். அன்றைக்கு அவன் இன்னும் சத்தமாகப் பாடினான். போலந்தில் ஒரு விழாவில் ஆயிரம் பேருக்கு முன்னால் தன் இஷ்டத்துக்குத் தொடங்கி, மொத்தக் குழுவையும் கூடவே பள்ளத்தில் இறக்கினான். மேடையை விட்டு வந்ததும் அவள் பிடிபிடியென்று பிடித்தாள். “கைதட்டுனாங்கல்ல?” என்றான்.

“கம்ப்யூட்டர்ல கொஞ்சம் ஏத்திப் பார்க்கட்டுமாக்கா?” என்று கேட்டான் லெவ்கோ. அவன் செவெரினோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன்.

ஏற்றினான். குரல் சரியான இடத்துக்கு வந்துவிட்டது. சுத்தமாக, வழுவழுவென்று, ஒரு பிசிறில்லாமல்.

உல்யானா இரண்டு வரி கேட்டாள்.

“யாருடா இது?”

லெவ்கோ பழைய இடத்துக்கே இறக்கினான்.

அவள் பெட்டியைத் திறந்து சுருதிச் சாவியை எடுத்தாள்.

“அக்கா, அறுபத்திரண்டு கம்பி.”

“எனக்கும் எண்ணத் தெரியும்.”

பந்தூராவை மடியில் நிறுத்திக்கொண்டு ஒவ்வொரு கம்பியாக இறக்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் செவெரினின் முதல் வரியைப் போடச் சொன்னாள். காதில் அவன், கையில் சாவி. கம்பிக்கு ஒரு வசவு. சோம்பேறி. காது கேளாத ஜென்மம். பிடிவாதம் பிடித்த கழுதை.

இறக்கிய கம்பி சும்மா இருக்காது. அடுத்ததைத் தொடும்போது முந்தையது மெல்லப் பழைய இடத்துக்கு ஏறப் பார்க்கும். முப்பதாவது கம்பிக்கு வந்தபோது முதல் பத்தும் நழுவியிருந்தன. மறுபடி தொடக்கத்திலிருந்து. லெவ்கோ வைத்த காபி ஆறி ஏடு கட்டியது. அவள் கட்டைவிரல் சிவந்து வீங்கியது.

“நீ பாட்டுக்கு வாயைத் திறந்துட்டுப் போயிட்ட,” என்று ஒலிவாங்கியைப் பார்த்துச் சொன்னாள். “உன்னோட மாரடிக்கிறதே எனக்கு வேலையாப் போச்சு.”

லெவ்கோ மேசையில் இருந்த ஒயர்களைச் சுருட்டினான். சுருட்டியதைப் பிரித்தான். மறுபடி சுருட்டினான்.

மூன்று சுற்று ஆனது. மணி மூன்று நாற்பது. மேலே ஒரு டிராம் போய் ஓய்ந்தது. லெவ்கோ கையைத் தூக்கினான்.

செவெரின் பாடினான்.

ஆறாவது நொடியில் அவள் சேர்ந்துகொண்டாள். இந்தத் தடவை இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழைகூட நுழைய இடமில்லை. மூன்றாவது வரியில் அவன் ஓடினான். பல்லைக் கடித்துக்கொண்டு அவளும் கூடவே ஓடினாள். நாய் குரைக்கும் இடத்தில் ஒரு தட்டு விட்டு வாசித்தாள். கடைசி இழுப்பை அவன் விட்ட அதே நொடியில் அவளும் விட்டாள்.

வழக்கமாக லெவ்கோ ஐம்பத்திரண்டாவது நொடியில் நிறுத்திவிடுவான். இன்றைக்கு அவன் கை மேசை மேல் அப்படியே இருந்தது.

குரல், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, பேச்சாக மாறியது.

“அக்கா, இது சும்மா வேகம் தெரியறதுக்குத்தான். சுருதி இறங்கிப்போச்சுன்னு எனக்கே தெரியும், திட்டாத. பதுங்குகுழியில எல்லாரும் தூங்குறாங்க, இதுக்கு மேல கத்த முடியல. நாளைக்கு நல்லாப் பாடி அனுப்பறேன்.”

அது பதினான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை, போர்முனையிலிருந்து அவள் கைப்பேசிக்கு வந்த குரல்செய்தி.

புதன்கிழமை எதுவும் வரவில்லை. அதற்குப் பிறகும்.