நூறு கெஜம்

"ஒரே ஒரு பொய் சொல்லணும்மா. சின்னப் பொய்தான்."

ஸ்டேஷன் மாஸ்டரம்மா குரலை அமுக்கிச் சொன்னதும் அளவுக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோல்ஃப் மட்டை விற்கும் அந்தக் கடையில் அவளுக்கு அதுதான் பேர். வலையைப் பார்த்துப் பந்தை அடிக்கச் சொல்வாள். அது எத்தனை கெஜம் போயிருக்கும் என்று கருவி திரையில் காட்டும். காட்டியதை அப்படியே சொல்வாள். "நான் இதுக்கு மேல அடிப்பேனே!" என்று முறைத்துக்கொண்டு போன பெரிய மனுஷர்கள் ஏராளம். ஒரு கெஜம்கூட ஏற்றிச் சொன்னதில்லை.

அதுவும் இன்றைக்கா இந்தச் சோதனை! காய்ச்சி அடித்துச் செய்த புது இரும்பு மட்டைகள் காலையில்தான் வந்திருந்தன. வார்ப்பு மட்டை மாதிரி கையை உதறாதாம். பெட்டி வந்ததிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. முதல் ஆளாக அடிக்க வந்திருப்பவர் இந்த அம்மாவின் கணவர், ரிட்டயர்டு ஸ்டேஷன் மாஸ்டர்.

"பக்கவாதம் வந்து எட்டு மாசமாச்சு. இப்பதான் வலது கை டம்ளரைப் பிடிக்குது. இன்னிக்கு நூறு கெஜம் தாண்டலன்னா மட்டைப் பையைப் பரண்ல ஏத்திடுன்னுட்டார். சொன்னா செஞ்சிடுவார். அப்புறம் அவரும் கட்டிலோட கட்டிலாத்தான் கிடப்பார்."

"அம்மா, திரையில வர்றதை நான் எப்படி மாத்தறது?"

"உனக்குத் தெரியாததா?" அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

தெரியும். கருவியில் 'இடத்தின் உயரம்' என்று ஒரு கட்டம் உண்டு. மலைமேல் காற்று லேசு, பந்து கூடுதலாகப் பறக்கும். கடையோ கடலோரத்தில் இருக்கிறது. கட்டத்தில் இருந்த பூஜ்யத்தை அழித்துவிட்டு மூவாயிரம் மீட்டர் என்று தட்டினாள். ஒரே நொடியில் கடை மலை உச்சிக்குப் போய்விட்டது!

கார் நிறுத்திய இடத்திலிருந்து மாஸ்டர் மெல்ல நடந்து வந்து சேர்ந்தார்.

"இந்தாம்மா, என் கையுறை கார்லயே இருக்கு பாரு."

மனைவி வாசலைத் தாண்டியதும் அளவுக்காரி பக்கம் குனிந்தார்.

"என் கை அறுபது கெஜத்துக்கு மேல தராது. எனக்கே தெரியும். ஆனா எட்டு மாசமா அவ ஒரு ராத்திரி ஒழுங்காத் தூங்கலம்மா. நான் என்ன அடிச்சாலும் நூறுன்னு சொல்லிடு. அவ ஒரு தடவை வாய்விட்டுச் சிரிக்கணும்."

'சரியாப் போச்சு! ஜோடி போட்டுக்கிட்டு வந்திருக்காங்க' என்று நினைத்தபடி அளவுக்காரி புது மட்டையை எடுக்க உள்ளே ஓடினாள். திரும்பி வரும்போது முதலாளி துணியை வைத்துத் திரையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஏழாம் நம்பர் மட்டை, கண்ணாடி மாதிரி முகம். அம்மா கொண்டுவந்த கையுறையை மாட்டிக்கொண்டு மாஸ்டர் அதைத் தடவிப் பார்த்தார்.

முதல் பந்து உருண்டது. முப்பத்தெட்டு.

மலை உச்சியில் வைத்தும் முப்பத்தெட்டா!

இரண்டாவது, எழுபத்தொன்று.

"என்னங்க, தோளை இறுக்காதீங்க. பச்சைக் கொடி காட்டற மாதிரி லேசா வீசுங்க!"

"பச்சைக் கொடி காட்டினவன் நானா, நீயாடி?"

மூன்றாவது. 'தொப்'பென்று ஒரு மெத்தென்ற சத்தம்.

"ஏய்! கையில உதறலே தெரியல!" மாஸ்டர் கத்தினார்.

நூற்று நாலு!

அம்மா கைதட்டினாள். அடுத்தது நூற்றுப் பன்னிரண்டு! பக்கத்தில் காலணி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒற்றைக் காலணியோடு ஓடி வந்தார். மாஸ்டரின் முதுகுக்குப் பின்னாலிருந்து அம்மா அளவுக்காரிக்குக் கண்ணடித்தாள். அம்மா கைப்பையை எடுக்கத் திரும்பியபோது மாஸ்டரும் கண்ணடித்தார்.

"நாளைக்கு வந்து மட்டையைப் பேசி முடிச்சிடறோம்" என்று இருவரும் கிளம்பினார்கள்.

அளவுக்காரி குற்ற உணர்ச்சியோடு கருவியிடம் போனாள். கட்டத்தில் பூஜ்யம் இருந்தது.

"யாரோ மூவாயிரம்னு போட்டு வெச்சிருந்தாங்க" என்றார் முதலாளி அவளைப் பார்க்காமலே. "நான் மாத்திட்டேன்."

"எப்ப சார்?"

"நீ மட்டை எடுக்கப் போனப்பவே. அவர் முதல் பந்து அடிக்கிறதுக்கு முன்னாடி."

ஐயோ! அப்படியென்றால் அந்த நூற்றுப் பன்னிரண்டு?

விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். அம்மா காரைக் கிளப்பிவிட்டாள்.

"சார்! அம்மா! நிஜம்! அடிச்சது அத்தனையும் நிஜம்!"

"தெரியும்மா, தெரியும்" என்று அம்மா ஒரு கண்ணைச் சிமிட்டினாள். அந்தப் பக்க ஜன்னலில் மாஸ்டரும் சிமிட்டினார்.

இதென்னடா வம்பு! அவள் காருக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

"ரெண்டு பேரும் இறங்குங்க! ரெண்டு பேருமே என்கிட்ட தனித்தனியா வந்து பொய் கேட்டீங்க. நானும் சொல்லத் துணிஞ்சிட்டேன். எங்க முதலாளிதான் விடல."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீயுமா?"

"நீங்களுமா?"

மறுபடி வலைக்கு முன்னால் நின்றார்கள். கட்டத்தில் இருந்த பூஜ்யத்தை அளவுக்காரி விரல் வைத்துக் காட்டினாள். அம்மா மூச்சை அடக்கிக்கொண்டாள். மாஸ்டர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். ஏழாம் நம்பரை ஓங்கினார்.

'தொப்!'

நூற்றுப் பதினாறு.

இந்தத் தடவை யாரும் யாருக்கும் கண்ணடிக்கவில்லை. துடைத்துக்கொள்ளத்தான் நேரம் இருந்தது.