மூட வேண்டிய கதவு

கனகவல்லி ஆறாவது முறையாகக் கப்பலை மூழ்கடித்தாள். திரையில் 'தோல்வி' என்று வந்தது.

ஹைதராபாத் உப்பல் அலுவலகத்தில் வினய் பொறுப்பேற்று இரண்டு வாரம்தான் ஆகிறது. கடற்படைப் பயிற்சிக்கான வி.ஆர். மென்பொருளைப் பார்க்க நாளை அதிகாரிகள் வருகிறார்கள்; அதற்குள் அதைச் சோதித்து முடிப்பது கனகவல்லியின் வேலை.

"தண்ணி வந்ததும் முப்பது செகண்டுல கதவை மூடணும். அவ்வளவுதானே?" என்றான் வினய்.

"ஹவ் சார், அவ்வளவுதான். ஆனா உள்ள ஒருத்தர் இருக்காரே. மூடாதீங்கன்னு கூப்பிடறார்."

"தமிழ்ல கூப்பிடறதால பாசமா? அது வெறும் ரெக்கார்டிங்மா. அவன் ஒருத்தனுக்காகப் பார்த்தா கப்பல்ல முந்நூறு பேர் போயிடுவாங்க. இந்தப் பயிற்சியே அதுக்குத்தான். நீங்க மூடினாத்தானே அடுத்தது ஒழுங்கா வருதான்னு தெரியும்?"

அவள் ஹெட்செட்டை மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு அவள் கைகள் காற்றில் கதவின் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றின. இருபத்தொன்பதாவது நொடியில் 'தேர்ச்சி' என்று வந்தது.

"பார்த்தீங்களா, எவ்வளவு சுலபம்," என்று வினய் சிரித்தான்.

கனகவல்லி ஹெட்செட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள்.

"என்கிட்ட சொல்லியிருந்தா நான் பண்ணியிருப்பேனே சார்," என்றாள் பக்கத்து மேசை ஹர்ஷிதா.

"ஏன், அவங்களுக்கு என்ன?"

"அந்தக் குரல் தினேஷ் சாரோடது. உங்களுக்கு முன்னாடி இந்த சீட்ல இருந்தவர். அவங்க வீட்டுக்காரர்."

வினய் மேசைமேல் இருந்த ஹெட்செட்டைப் பார்த்தான். "ஆக்சிடென்ட்ல போனாரே, அவரா?"

"உடனே போகலை சார். பதினேழு நாள் வென்டிலேட்டர்ல இருந்தார். எடுத்துடலாம்னு கையெழுத்துப் போட்டது இவங்கதான்."