மூன்று கொம்பு நத்தை
செவந்தி அந்த ஆன்லைன் விளையாட்டில் நூற்றுப்பதினாறு விலங்குகளைப் பிடித்துப் பழக்கி, ஊர் பேர் தெரியாதவர்களின் விலங்குகளோடு மோதவிட்டு ஜெயித்தவள். மூன்று கொம்பு நத்தை மட்டும் அவள் பிடித்ததல்ல; தினமும் கூட ஆடிய, முகம் பார்த்திராத தோழி கொடுத்தது. "இதக் கொஞ்சம் பாத்துக்கங்கக்கா, வரேன்" என்று எழுதிவிட்டுப் போனாள். திரும்பி வராமலே போகிறவர்களும் 'வரேன்' என்றுதான் சொல்வார்கள் என்பது செவந்திக்கு அன்று உறைக்கவில்லை. தோற்றால் நத்தை ஜெயித்தவருக்குப் போய்விடும் என்று அதைச் சண்டைக்கு இறக்காமல் தீனி மட்டும் போட்டு வந்தாள். ஓராண்டு முடிந்த காலையில் கணினித் திரை கேட்டது: 'உரியவர் வரவில்லை. இனி இது உங்களுடையதா?' 'இல்லை' என்பதை அழுத்தினாள். வேலைக்குக் கிளம்பி, ஆளில்லாத வீட்டைப் பூட்டுமுன் திரையைத் திரும்பிப் பார்த்தாள். வாய்வரை வந்த 'வரேன்' என்ற சொல்லை விழுங்கிவிட்டு, "ஆறு மணிக்கெல்லாம் வந்துருவேன்" என்றாள் நத்தையிடம்.