சந்தேகம் வந்தாலே அழுத்துங்கள்

அலறிவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கைப்பேசி இன்னும் காதில் இருந்தது. மேலே கூண்டுக்குள் உட்கார்ந்து கிரேன் ஓட்டும் இருதயராஜ் இப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

“பிரேக்கு பிடிக்கல மேடம். மோட்டார் இழுத்துப் பிடிச்சுதான் நிக்குது. கரண்ட மட்டும் யாரும் நிறுத்திராம பாத்துக்கிடுங்க. கீழ ஆள் கெடக்கு.”

கொக்கியில் தொங்கியது நீரேற்று நிலையத்துக்கு வந்த புதுப் பம்ப். பாதி பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. பக்கவாட்டில் நகர்த்த வழியில்லை.

அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

ஃபிட்டர் கொம்பையாவின் கால்கள்.

தொங்கும் சுமைக்கு அடியில் போகக் கூடாது என்று அவருக்குத் தெரியும். பம்ப் வந்து உட்கார வேண்டிய தாங்குகட்டை கோணலாக இருந்திருக்கும். ஒரு நிமிட வேலைதானே என்று நுழைந்திருப்பார். அரசாங்கக் கட்டடங்களில் ஆட்கள் செத்ததெல்லாம் இந்த ஒரு நிமிட வேலையில்தான்.

கத்தினால் வெளியே வந்துவிடுவார்.

கத்த முடியாது.

தூணுக்குத் தூண் சிவப்புப் பொத்தான். எதை அழுத்தினாலும் கிரேனுக்குப் போகும் மின்சாரம் நின்றுவிடும். மேலதிகாரிகளோடு மல்லுக்கட்டி அவற்றை வாங்கி மாட்டியவளே அவள்தான். இந்த நிலையத்தின் பாதுகாப்பு அதிகாரி. சந்தேகம் வந்தாலே அழுத்துங்கள், யோசிக்காதீர்கள், தப்பாக அழுத்தினாலும் ஒருவரும் திட்டமாட்டார்கள் என்று படித்துப் படித்துச் சொன்னவள். போன மாதம் ஒத்திகைக்காகத் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவளே வீறிட்டாள். மறுநொடி எல்லாப் பொத்தான்களும் அமுங்கியிருந்தன. பெருக்க வரும் அம்மாள்கூடத் துடைப்பத்தை வீசிவிட்டு ஓடிப்போய் அழுத்தினாள். பெருமை தாங்காமல் இவள் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தாள்.

இன்று மற்ற பம்புகளையும் நிறுத்தியிருந்தார்கள். கூடத்தில் தும்மினாலும் கேட்கும்.

ஒரு கூச்சல் போதும். அவள் பழக்கிய அத்தனை கைகளும் பொத்தானுக்குப் போகும். மோட்டார் நிற்கும். பிடிக்காத அந்தப் பிரேக் மட்டும் மிஞ்சும்.

கைப்பேசியைப் பைக்குள் போட்டாள்.

நடந்தாள். ஓடினால் பார்ப்பார்கள். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு நடந்தாள்.

தூணில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து வணக்கம் வைத்தார். பொத்தான் அவர் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. அவளும் வணக்கம் வைத்தாள்.

மேலே மோட்டார் முனகியது. பம்ப் ஒரு விரற்கடை இறங்கியது. மறுபடி ஏறியது.

கடவுளே, கடவுளே என்று மனம் அடித்துக்கொண்டது. வேறு எதுவும் தோன்றவில்லை.

பள்ளத்தின் ஓரத்தில் குந்தி, கொம்பையாவின் பாதத்தைத் தொட்டாள். டீ ஆறிப்போகிறது, வாருங்கள் என்று சொன்னாள். இதோ முடிந்தது என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சுத்தியல் தட்டும் சத்தமும் வந்தது.

இப்போதே வாருங்கள் என்றாள். குரல் உடைந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

தட்டல் நின்றது.

முழங்கால் வந்தது. இடுப்பு வந்தது. சட்டை கைக்கு எட்டியதும் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். முழு ஆளாக வெளியே வந்து நின்ற பிறகும் அவளால் விட முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கொம்பையாவுக்குக் கூச்சமாகிவிட்டது. அடியில் போனதற்குத் திட்டு விழும் என்று எதிர்பார்த்தவர், மேடமே வந்து டீக்குக் கூப்பிட்டதில் குளிர்ந்துபோயிருந்தார். தலையிலிருந்த தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு கேட்டார்.

“மாசானத்துக்கும் டீ இருக்குல்லா மேடம்? உள்ள கட்டையப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்கான்.”

அவள் பார்த்தது இரண்டு கால்களைத்தான்.

கொம்பையா பள்ளத்தின் பக்கம் திரும்பினார். பம்ப் இரைச்சலிலேயே காலம் தள்ளிய தொண்டை. மெல்லக் கூப்பிட அவருக்குத் தெரியாது.

கைகளை வாயருகே குவித்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.