வீட்டுக்கு இரண்டு காவல்

திருட்டு பயத்தால் காப்பித் தோட்டக்காரர் தங்கப்பாண்டி ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். குண்டு நிரப்பி, பூட்டில்லாத மேசை இழுப்பறையில் வைத்தார்.

மேசையடியில் படுத்திருந்த அவருடைய நாய் கருவாயன் துப்பாக்கியிடம், "அண்ணே, வீட்ல அஞ்சு வயசுப் பிள்ளை இருக்கு. உங்களைப் பூட்டி வைக்க வேண்டாமா?" என்று கேட்டது.

"பூட்டினா அவசரத்துக்கு எப்படி எடுப்பார்?" என்றது துப்பாக்கி. "நானா யாரையும் சுடமாட்டேன், தம்பி. பிடிக்கிற கை சொன்னதைத்தான் கேட்பேன்."

"அதுதான் எனக்குப் பயம்," என்றது நாய்.

மறுநாள் மத்தியானம் மகள் பூவிழி பென்சில் தேடி இழுப்பறையைத் திறந்தாள். துப்பாக்கியை எடுத்து, அதன் குழலுக்குள் எட்டிப் பார்த்தாள். கருவாயன் பாய்ந்து அவள் சட்டையைக் கவ்வி இழுத்தது. அவள் விழுந்தாள், விரல் விசையில் பட்டு குண்டு சுவரில் பாய்ந்தது.

தங்கப்பாண்டி ஓடிவந்து, அவள் சட்டையை இன்னும் கவ்வியிருந்த நாயை விலக்கி, பிள்ளையை வாரி அணைத்தார். அவள் முழங்கையில் சிராய்ப்பு இருந்தது.

"பிள்ளை இருக்கிற வீட்ல, மேல பாயற நாய் ஆகாது," என்று சாயங்காலமே கருவாயனை ஜீப்பில் ஏற்றி, தூரத்துத் தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்.

"அப்போ துப்பாக்கி?" என்று மனைவி கேட்டாள்.

"அது இருக்கட்டும். இனிமே காவலுக்கு நாய்கூட இல்லையே," என்றார்.