தூக்க வேண்டிய கால்

மணப்பெண் கெயில் குளியல் அங்கியோடு சமையல் மேடையில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறாள். விளிம்பு பிரிந்த அவளது வெள்ளைக் கவுன், அவள் அம்மா வெர்னா கல்யாணத்துக்கென்றே வாங்கிய தையல் மெஷினில் கிடக்கிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் தேவாலயத்தில் இருக்க வேண்டும். கோதுமை வயல் தாண்டி வரும் வெயில் ஊசி முனையில் மினுங்குகிறது. என் அக்கா வெர்னா ஒரு சாண் தைத்துத் திருப்பிப் பார்க்கிறாள். அடியில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டிருக்கிறது.

"இந்த அடி நூல் பாபின்தான் சனியன்."

"பாபினை விடுக்கா. அடியில சுருண்டா கோளாறு மேல் நூல்ல. கோர்க்கும்போது காலைத் தூக்கினியா?"

"தூக்கினேன்டி."

"தூக்கியிருந்தா நூல், அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ள உக்காந்திருக்குமே. கோர்த்துக் காட்டு."

அக்கா பெடலிலிருந்து தன் வலது காலை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு, மூச்சடக்கி நூல் கோர்க்கிறாள். துணியை அழுத்தும் இரும்புக் கால் இறங்கியே இருக்கிறது.

கெயிலுக்குப் புரையேறுகிறது. "எந்தக் காலைம்மா தூக்குற?"

அக்கா தன் செருப்பைப் பார்க்கிறாள், மெஷினைப் பார்க்கிறாள். "விக்கிறவன் காலைத் தூக்குன்னுதான் சொன்னான். யார் காலைன்னு சொல்லலையே."

சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி இரும்புக் காலைத் தூக்கி மறுபடி கோர்க்கிறாள். தையல் அடியிலும் நேராக ஓடுகிறது. வாசலில் வண்டி ஹாரன் அடிக்கிறது.

அக்கா கண் மூடிய பிறகு மெஷின் என்னிடம் வந்துவிட்டது. நூல் கோர்க்க உட்கார்ந்தால் முதலில் என் காலைத் தூக்கிக்கொள்கிறேன். பிறகுதான் அதன் காலை.